இரண்டாவது கையெழுத்து

பிப்ரவரி 3

சர்க்கரைக்கு,

‘அன்புள்ள’ என்று நான் தொடங்கவில்லை. மறதியால் விட்டது அல்ல.

போன வாரம் உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் என் முழங்காலை விசாரித்தாய், உன் அண்ணியை விசாரித்தாய், பேத்திக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னாய், சிரித்தாய், வைத்துவிட்டாய். நான் கேட்டது கேட்டபடியே நிற்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளில் சிரித்து மழுப்ப முடியாது.

ஒன்றும் தெரியாதவன்போல் நீ இருப்பாய் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் இருக்கும் லிஃப்ட், நீயும் நானும் மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட், செப்டம்பர் ஆறாம் தேதி மூன்றாம் மாடியில் நிற்காமல் கதவு திறந்தபடியே நான்கடி கீழே நழுவியது. லிஃப்ட் ஓட்டுகிற அம்மா ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிவிட்டுத் தானும் இறங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால் நசுங்கிவிட்டது. அந்தம்மா அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதுதான் காரணம் என்று நம் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. மேலே மோட்டார் அறையில் இருக்கும் பிரேக்கின் லைனிங் தேய்ந்து போயிருந்தது என்கிறார் விசாரணை அதிகாரி. ஆனால் ஆகஸ்ட் பதினேழாம் தேதிச் சோதனைத் தாளில் லைனிங் நல்ல நிலையில் இருப்பதாக எழுதி, கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறது. உன்னுடையது ஒன்று. என்னுடையது ஒன்று.

ஆகஸ்ட் பதினேழு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். என் சின்ன மகளின் திருமணப் பதிவு. நான் அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அன்றைய சோதனை உன் முறை. சட்டப்படி மோட்டார் அறையில் ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டு பேர் நின்று பார்க்க வேண்டிய வேலையை நாம் முப்பத்தோரு வருடம் ஆளுக்குப் பாதிக் கட்டடம் என்று பிரித்துக்கொண்டோம். என் கையெழுத்தை நீ போட்டாய், உன் கையெழுத்தை நான் போட்டேன். அதுவும் தப்புதான். அதை அதிகாரியிடம் சொல்ல நான் தயார்.

நீ சொல்ல வேண்டியது இரண்டு. அன்று என் பெயரை எழுதியது நீ. லைனிங்கை நீ பார்த்தாயா, இல்லையா. விசாரணை மார்ச் இருபதோடு முடிகிறது. அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் அந்தம்மாவின் காலும் போய், வேலையும் போய், பழியும் அவர் தலையில்தான்.

பதில் எழுது. போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

சட்டாம்பிள்ளை
(உனக்குச் சர்க்கரை என்று நான் வைத்ததுபோல் இந்தப் பட்டப் பெயரை எனக்கு வைத்தது நீதான். அதற்கு இப்போது உழைக்கிறேன்.)


பிப்ரவரி 9

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத என் அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என்ன இருந்தாலும் உங்கள் எழுத்தே தனி அழகு. மருமகள் பார்த்துவிட்டு, “யாரு மாமா இவர், ஆபீசரா?” என்று கேட்டாள். “அதுக்கும் மேல” என்றேன்.

அண்ணே, நாம் சேர்ந்து செய்யாத வேலையா? நூல்மில் கட்டடத்தில் கயிறு அறுந்து நீங்கள் தொங்கியபோது உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கும் உங்களுக்காக எதையும் செய்வேன். கோடை விடுமுறையில் அண்ணியோடு இங்கே வந்து ஒரு மாதம் தங்குங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

நீங்கள் கேட்டதைப் பற்றி. நடந்தது நடந்துவிட்டது. அந்தம்மாவை நினைத்தால் எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் இப்போது எனக்கு முதுகு பிடித்திருக்கிறது, பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார முடியாது. டாக்டர் கூடாது என்கிறார். நீங்களும் எதற்காக அங்கே போய் நிற்கிறீர்கள்? நாம் இருவரும் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. கம்பெனி பார்த்துக்கொள்ளும். கிளறாமல் விடுவது உங்களுக்குத்தான் நல்லது. நான் சொல்வதைக் கேளுங்கள், அண்ணே.

அண்ணிக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் உடன்பிறவாத் தம்பி


பிப்ரவரி 13

சர்க்கரைக்கு,

என் முழங்காலை விடு.

ஓய்வுக்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு நூலகத்துக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்ன படிக்கப் போகிறான் என்று நீ டீக்கடையில் சொன்னதும் எனக்குத் தெரியும். புத்தரின் போதனைகள் இருக்கும் அலமாரிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் ஈர உடையோடு நின்று திசைகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம், நண்பன் வேடத்தில் வருகிற நான்கு பேரை அவர் அடையாளம் காட்டுகிறார். நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் ஆள், எதையாவது எடுத்துக்கொண்டு போகவே வருபவன். நியாயம் பேசுகிறேன், நீ அது இல்லை. என் டிரில் மெஷினைத் தவிர எதையும் நீ எடுத்ததில்லை. அதையும் திருப்பிக் கொடுத்தாய், முனை ஒடிந்து.

இரண்டாம் ஆள் வாயால் மட்டும் தருபவன். முன்பு செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவான். இனிமேல் செய்யப் போவதைச் சொல்லிக் குளிர வைப்பான். இன்றைக்கு ஒரு காரியம் என்று போய் நின்றால் தனக்கு முடியவில்லை என்பான். இதை அவர் சொல்லி இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் ஆகிறது. நூல்மில், மாடி அறை, முதுகு என்று அதே வரிசையில் உன் கடிதம் வந்திருக்கிறது. எப்படித்தான் முடிந்ததோ.

மூன்றாம் ஆள் இச்சகம் பேசுபவன். நீ நல்லது செய்தாலும் சரி என்பான், கெட்டது செய்தாலும் சரி என்பான். முகத்துக்கு முன்னால் புகழ்வான், முதுகுக்குப் பின்னால் இகழ்வான். என் எழுத்து அழகா? டீக்கடையில் அதை வேறு விதமாகச் சொன்னாயே. பணிமனையில் யார் என்ன சொன்னாலும் உன் வாயில் ‘சரிண்ணே’தான். பழைய கப்பியை மாற்றாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். “சரிண்ணே.” நான் மாற்றியே ஆக வேண்டும் என்றேன். எனக்கும் “சரிண்ணே.” உனக்கென்று ஒரு சொல் உண்டா என்று அப்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

நான்காம் ஆள் குடிக்கும் சூதுக்கும் ஊர் சுற்றலுக்கும் துணை வருபவன். நாம் குடித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் தீக்குச்சி வைத்துச் சீட்டு ஆடியதை விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்டவர்களை ஆபத்தான பாதையைப்போல் எட்டவே விலக்கிப் போகச் சொல்கிறார். நான் இன்னும் விலகவில்லை. பாதையின் முனையில் நின்றுகொண்டு கேட்கிறேன். அன்று நீ மோட்டார் அறைக்கு ஏறினாயா, இல்லையா? ஏறினேன் என்றால் லைனிங்கை ஏன் பார்க்கவில்லை? ஏறவில்லை என்றால் எந்தத் துணிச்சலில் என் பெயரை எழுதினாய்?

ஒரு வரி போதும். அடைமொழி வேண்டாம்.

சட்டாம்பிள்ளை


பிப்ரவரி 24

அண்ணனுக்கு,

அடைமொழி வேண்டாம் என்றீர்கள். போடவில்லை.

இங்கேயும் நூலகம் இருக்கிறது. மருமகள் கூட்டிக்கொண்டு போனாள். நீங்கள் சொன்ன போதனையைத் தேடி எடுத்துப் படித்தேன். போலி நண்பர் நால்வரோடு அது முடியவில்லை. அதற்குக் கீழேயே உண்மையான நண்பர் நால்வர் வருகிறார்கள். உங்கள் நோட்டில் அவர்கள் இருக்கிறார்களா? அதில் ஒருவன், நண்பனின் ரகசியத்தை வெளியே விடாதவன். நண்பனுக்கு ஆபத்து வந்தால் கைவிடாதவன். நான் அவன் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் தோண்டித் தோண்டிக் கேட்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மோட்டார் அறைக்கு ஏறவில்லை.

உங்கள் பெயரை நான் எழுதவும் இல்லை. அதிகாரியிடம் போய் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற ஆள் நம் பணிமனையில் எத்தனை பேர்? ஆகஸ்ட் முதல் தேதி, திருமண வேலை இருக்கிறது என்று அந்த மாதத்துத் தாள்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் எழுதி வைத்தது யார்? தேதி, அளவு, உங்கள் கையெழுத்து, என் கையெழுத்து, எல்லாம் நீங்கள். நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். “போய்ப் பாத்துட்டு மட்டும் வந்துரு, எழுத்து வேலை முடிஞ்சுது” என்றீர்கள்.

பதினேழாம் தேதி பதினோரு மணிக்கு உங்கள் மகளின் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதத்தில் என் கையெழுத்தை நானே போட்டது அங்கே மட்டும்தான். பன்னிரண்டரைக்குப் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். நீங்கள் சம்பந்திகள் எதிரில் என் தோளில் கை போட்டீர்கள்.

“எங்கடா கிளம்பிட்ட? தாள்தான் எழுதியாச்சே. ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போகுது, அடுத்த முறை பாத்துக்கலாம். இவங்களை ஸ்டேஷன்ல ஏத்தி விட்டுட்டு வா.”

“சரிண்ணே” என்றேன்.

நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள் என்பது உங்கள் முதல் கடிதத்திலேயே தெரிந்தது. பொய் சொல்கிற ஆள் நீங்கள் இல்லை. மறக்க வசதி உள்ள ஆள். நினைவுபடுத்தினால் நேரே விசாரணைக்குப் போய் உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்வீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் முதுகு வலி. அதனால்தான் மாடி அறை. அதற்கு நீங்கள் வைத்த பெயர் இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள்.

இனி உங்கள் இஷ்டம்.

தம்பி


மார்ச் 6

உனக்கு,

தாளைப் பார்த்தேன்.

அதிகாரியின் அறையில் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. ஏழில் குறுக்குக் கோடு இருந்தது. அளவு என் எழுத்து. என் பெயர் என் எழுத்து. உன் பெயரும் என் எழுத்துதான். கடைசி எழுத்தை மேலே இழுத்து ஒரு சுழி விடுவேனே, அது அப்படியே இருந்தது. தோளில் கை போட்டதும் நினைவுக்கு வந்தது. நீ எழுதியதில் ஒரு சொல் மட்டும் தப்பு. ‘ஒரு மாசத்துல’ என்று நான் சொல்லவில்லை, ‘ஒரு மாசத்துக்குள்ள’ என்றேன். மற்றதெல்லாம் சரி.

அங்கேயே அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். எழுதியது நான், போக வேண்டாம் என்று தடுத்தது நான், பார்க்காமல் பார்த்ததாக எழுதியது நான். முப்பத்தோரு வருடமாக நாம் வேலை செய்த விதத்தையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, “பெரியவரே, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்றார். யோசிக்காமல் செய்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மெக்கானிக் உரிமத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து நானே கழற்றிவிட்டேன். ஆணி இருக்கிறது. உன் அண்ணி அதில் காலண்டரை மாட்டிவிட்டாள்.

மறுநாள் லிஃப்ட் அம்மா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. லிஃப்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பாரே, அந்த இரும்பு ஸ்டூலை ஆஸ்பத்திரி ஆட்கள் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதன் மேல் காலை நீட்டி வைத்திருந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“கார்டை நான்தாங்க மாட்டினேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கேட்டேன். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலை நீ ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, லிஃப்டுக்குள் மாட்டும் அந்த மாதத்துச் சோதனைக் கார்டைக் கையில் கொடுத்து, “மேல ஏற நேரமில்லம்மா, நீங்களே மாட்டிருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

“ரெண்டு கையெழுத்து இருந்துச்சு. ரெண்டு பேரு பாத்திருக்காங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

இதை நீ எனக்கு எழுதவில்லை. பதினேழாம் தேதி உன்னைத் தடுத்தது நான். பதினெட்டாம் தேதி யார் தடுத்தது? கையில் பை இருந்தது. வாசல்வரை வந்துவிட்டாய். நான்கு மாடி ஏறியிருந்தால் போதும். தாள் முடிந்துவிட்டது, அண்ணன் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் உனக்கு.

நீ சொன்ன அந்த நால்வரையும் படித்தேன். ரகசியம் காப்பவனைப் பிடித்துக்கொண்டாய். அவனுக்குப் பக்கத்திலேயே இன்னொருவன் நிற்கிறான், பார்க்கவில்லையா? நண்பன் தப்புச் செய்யப் போகும்போது தடுப்பவன். “அண்ணே, இது தப்பு, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்று ஒரு முறை நீ சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். சம்பந்திகள் எதிரில் உன்னை அவமானப்படுத்தியிருப்பேன். அந்தம்மாவின் கால் இருந்திருக்கும். நீ என் ரகசியத்தைக் காக்கவில்லை. என் கோபத்துக்குப் பயந்து என் தப்பைக் காத்தாய்.

நானும் உனக்கு அதைத்தான் செய்தேன். நீ பார்க்காத கட்டடங்களுக்கு எத்தனை தாள் எழுதித் தந்திருக்கிறேன். மூன்றாம் ஆளைத் தேடி உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் என் வீட்டிலும் இருந்தான். இதை எழுதுவதால் உன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம், கார்டு உட்பட, அதில் இருக்கிறது. நான் தனியாகச் சொன்னால் கிழவன் உளறுகிறான் என்று கம்பெனி தள்ளிவிடும் என்கிறார் அதிகாரி. இரண்டு பேரும் சொன்னால்தான் அந்தம்மாவின் மேல் உள்ள பழி போகும். கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை என்னாலேயே போட முடியும். எவனும் கண்டுபிடிக்க மாட்டான். இந்த முறை போட மாட்டேன்.

இருபதாம் தேதிக்குள் வர வேண்டும்.

சட்டாம்பிள்ளை


மார்ச் 14

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கே நேராக அனுப்பிவிட்டேன். உங்களுக்கு அனுப்பவில்லை. கார்டு விஷயம் உண்மை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

என் மகன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேத்தியைத் தூக்கினால் மட்டும் தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களைத் தடுக்க எனக்கு ஒரு நாளாவது இடம் கொடுத்தீர்களா? யோசித்துப் பாருங்கள். பதில் எழுத வேண்டாம்.

அண்ணிக்கு வணக்கம்.


மார்ச் 22

உனக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை. உன் பெயர் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் நடந்தது, அதைத் தெரிவிக்கிறேன்.

பதினெட்டாம் தேதி அதிகாரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேஜை மேல் நம் பழைய சோதனைத் தாள்கள் அடுக்கியிருந்தன. நடுவில் உன் வாக்குமூலம். இந்தக் கையெழுத்து செல்லாது என்று கம்பெனி வக்கீல் சொல்கிறாராம். பழைய தாள்களில் இருக்கும் உன் கையெழுத்தோடு இது ஒத்துப் போகவில்லையாம். நான்தான் யாரையோ வைத்துப் போடச் செய்துவிட்டேன் என்கிறார்களாம்.

நான் பார்த்தேன். கோணலாக இருந்தது. கடைசி எழுத்து கீழே இறங்கிப் பாதியில் நின்றிருந்தது. சுழி இல்லை. உன் கையெழுத்து இப்படித்தான் இருக்கும் என்பதை நானே மறந்திருந்தேன். இத்தனை வருடமும் நான் அதை எனக்குப் பிடித்தமாதிரி திருத்திப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இதுதான் அவன் கையெழுத்து. மத்ததெல்லாம் நான் போட்டது” என்றேன்.

வக்கீல் சிரித்தார். என் மகளின் திருமணப் பதிவேட்டை வரவழைத்துப் பாருங்கள் என்றேன். மறுநாள் வரவழைத்தார்கள். சாட்சி என்ற இடத்தில் அதே கோணல், பாதியில் நிற்கும் அதே எழுத்து. வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். தாள்களை என்னிடமே தள்ளி, எது யார் போட்டது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னார் அதிகாரி. காலையில் உட்கார்ந்தவன் மதியம் எழுந்தேன். அந்த அடுக்கு முழுக்க, நீயே போட்ட உன் கையெழுத்து பதினொன்றுதான் தேறியது.

லிஃப்ட் அம்மாவின் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். நம் இருவர் உரிமமும் ரத்து. உன் வீட்டுக்கும் தபால் வரும்.

உன்னைத் தடுக்க விட்டேனா என்று கேட்டிருந்தாய். விடவில்லை. ஆனால் தடுக்கிறவன் அனுமதி கேட்டுத் தடுப்பதில்லை.

மாடி அறையை வேறு யாருக்காவது கொடு. நாங்கள் வரப்போவதில்லை.

இதை எழுதும்போது உன் அண்ணி எட்டிப் பார்த்து யாருக்கு என்று கேட்டாள். “கூட வேலை பாத்தவனுக்கு” என்றேன். உறையை ஒட்டும்வரை அங்கேயே நின்றாள்.

இப்படிக்கு,
உன்னோடு வேலை பார்த்தவன்